ஒன்பது வீட்டுச் சாவி

கேமரா கம்பெனி என்ஜினியர் சாவியக்காவை முதன்முதலில் பார்த்தது ஏணி மேலிருந்துதான். டாக்டரம்மா வீட்டு வாசலில் அவன் கேமரா மாட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வந்து நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“யாரு தம்பி நீங்க?”

“என்ஜினியர்க்கா.” வீட்டுக்கு முதல் பட்டதாரி, அந்தச் சொல்லை அழுத்தித்தான் சொல்லுவான்.

“என்ஜினியருக்கு ஏணி பிடிக்க ஆள் தரலியா? சரி, நான் பிடிக்கிறேன். விழுந்து கிழுந்து வச்சா படிச்ச படிப்பு வீணாப்போயிரும்.”

தன் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவனுக்குத்தான் ஏணி பிடிக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பிடித்த பிடியைத் தளர்த்தவில்லை.

கடலைப் பார்த்த அந்தத் தெருவில் வீடுகள் பெரிசு, ஆட்கள் குறைச்சல். பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அவள் சமையல் வேலைக்குப் போன வீடுகளின் சொந்தக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, “அப்பப்ப பாத்துக்கோ” என்று ஒரு சாவியைக் கொடுத்தார்கள். அவள் பார்த்துக்கொண்ட விதத்தில் ஒன்று ஒன்பதாயிற்று. வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல்களைத் திறந்து, விசிறிகளைச் சுழலவிட்டு, அலமாரிக் கதவுகளை விரியத் திறந்து வைப்பாள். துருத்தண்ணீர் போய்த் தெளியும்வரை குழாயை ஓடவிடுவாள். கீல்களுக்கு எண்ணெய் விடுவாள்.

“ஒன்பது பங்களாவுக்கு மகாராணி, படுக்கிறது ஒத்த ரூம்ல” என்பான் டிரைவர் வேலை பார்க்கும் அவள் புருஷன்.

“மகாராணிக்குக் கார் ஓட்டுற ஆளு வாயை மூடிக்கிட்டு ஓட்டணும்” என்பாள் அவள்.

டாக்டரம்மா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். “இனி பூட்டு என் போன்லயே திறக்கும். உப்புக்காத்துதானே வீட்டைக் கெடுக்குது? இடுக்கெல்லாம் சிலிகான் வச்சு அடைக்கச் சொல்லிட்டேன். சாவியை அந்தத் தம்பிகிட்ட கொடுத்துடுங்க.”

“அடைச்சா உள்ள இருக்கிற ஈரம் எங்கம்மா போகும்?”

“அதெல்லாம் பாத்துக்கலாம்.”

சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். மற்ற வீட்டுக்காரர்களில் நாலு பேர், “டாக்டர் வீடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு நாங்களும் மாத்திக்கிறோம்” என்றார்கள். நாலு போனால் மிச்சமும் போகும்.

“போய்க் கெஞ்சிப் பாரேன்” என்றான் புருஷன்.

“எதுக்கு? ஒரு மழைக்காலம் போகட்டும். நான் பேச வேண்டியதைச் சுவரு பேசும்.”

டாக்டரம்மா வீடும் பக்கத்து வீடும் இரட்டை வீடுகள். ஒரே மேஸ்திரி, ஒரே வருஷம் கட்டியவை. பக்கத்து வீட்டுச் சாவி இன்னும் அவளிடம்தான் இருந்தது. மழை பிடித்த மூன்றாம் வாரம், டாக்டரம்மா வீட்டு ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருப்பதை அந்த மாடியிலிருந்து பார்த்தாள். மனசு கேட்காமல் போன் போட்டாள்.

“கேமராவுல எல்லாம் நல்லாத்தானே தெரியுது” என்றார் டாக்டரம்மா. அடுத்த மாதம் அதுவும் தெரியவில்லை. லென்ஸில் உப்புப் பூத்து, துடைக்க என்ஜினியர் மறுபடி ஏணியோடு வந்தான்.

மழை ஓய்ந்ததும் டாக்டரம்மா பெட்டியோடு வந்து இறங்கினார். போனில் ‘திறந்தாச்சு’ என்று வந்தது. கதவு அசையவில்லை. என்ஜினியரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார்.

“பூட்டு திறந்துதான் இருக்கு மேடம்” என்றான் அவன்.

“அப்ப கதவு எனக்குத் திறக்க மாட்டேங்குதா?”

பக்கத்து மாடியில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த சாவியக்கா இறங்கி வந்தாள். “கதவு ஈரத்துல ஊறிப்போச்சும்மா, தள்ளி நில்லுங்க.” கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து, கீழ் மூலையில் காலால் ஒரு எத்து எத்தினாள். கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளிருந்து வந்த நெடியில் டாக்டரம்மா மூக்கைப் பொத்தினார். சுவரெல்லாம் கறுப்புத் திட்டு. அலமாரித் துணிகளில் பூஞ்சை பஞ்சாகப் படிந்திருந்தது.

“திருடன் யாரும் வரலையே” என்றார் தனக்குத்தானே.

“வரலம்மா. கேமரா சுத்தமாத்தான் காவல் காத்திருக்கு. வாங்க, பக்கத்து வீட்ல உக்காருங்க.”

அந்த வீட்டில் தரை காய்ந்து கிடந்தது. குழாயில் தண்ணீர் தெளிவாக வந்தது. டாக்டரம்மா அலமாரிக்குள் கைவிட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

“நீங்களே பாத்துக்கறீங்களா?” என்றார்.

“பாத்துக்கறேன். முதல்ல அந்த சிலிகானைப் பிச்சு எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் பழைய பூட்டு. போனைப் போட்டுக் கதவு திறக்கிற சோலி எனக்கு ஒத்துவராது.”

என்ஜினியரே கூட நின்று, ஆள் வைத்துச் சிலிகானைப் பிய்த்து எடுத்தான். மாற்றிக்கொள்கிறோம் என்ற நாலு பேரும் அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது சாவியக்காவிடம் பன்னிரண்டு வீடு. இரண்டு தெரு தள்ளி, அதே ஒற்றை அறையில் புருஷனோடு இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா வீட்டு முறை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாசல் கேமராவின் உப்பையும் அவளே துடைத்துவிட்டுப் போகிறாள்.