பால் வாளி மேல் அம்மாசி

எங்கள் தோட்டத்தில் அம்மாசி அண்ணனைப் போல அடித்துப் பேச ஆள் கிடையாது. பினாங்குக்குக் கிழக்கே, லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அவருக்குப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர் தகடுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை காட்ட வேண்டும். விறகு சுமந்து போடுவது நான். இன்றைக்கு மழை வராது என்பார்; கொட்டும். அப்போதும் மழையைத்தான் திட்டுவார். "நான் சொன்னது தப்பு" என்ற மூன்று வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

மழையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் மனைவி மருதம்மாளின் தம்பி ராமையா, ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் பால் வெட்டுக்காரன். ராமையாவின் மனைவி பாப்பம்மா பிரசவத்துக்குக் கப்பலேறி ஊருக்குப் போய், பெண் குழந்தை பெற்றிருந்தாள். குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று 1941 நவம்பரில் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டான் ராமையா. அம்மாசி குறுக்கே விழுந்தார்.

"என்ன அவசரம் மாப்ளே? சண்டையாவது ஒண்ணாவது! வெள்ளைக்காரன் பினாங்குல பீரங்கி வச்சிருக்கான்லா. தைப்பூசம் முடிச்சிட்டு நிதானமாப் போ."

ராமையா நம்பினான். டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. அன்றோடு ராமையா அம்மாசி மாமாவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டான். இருவருக்கும் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். "உப்பு இருக்கான்னு ஒங்க மாமா கேக்குறாரு" என்று மருதம்மாள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "இல்லன்னு சொல்லுக்கா" என்று சுவர் பதில் சொல்லும். கேட்டவருக்குப் பதில் நன்றாகவே காதில் விழும். ஆனாலும் மருதம்மாள் திரும்பி ஒரு முறை சொல்ல வேண்டும்.

"அவன் என்னைய நாலு வார்த்த திட்டிட்டாக்கூட நிம்மதியா இருக்கும் தம்பி" என்றார் அம்மாசி ஒரு நாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. புகை என்றார். ரப்பர் வாங்க ஆளில்லாமல் அடுப்பு அணைந்து ஒரு மாதமாகியிருந்தது.

1942 கடைசியில் ஜப்பான்காரர்களின் அனுமதியோடு ஹாக்கிப் போட்டி வைத்தார்கள். எங்களுக்கு நாலு ஆட்டம்: மூன்று தோட்டங்களோடும் கூலிம் டவுன் குழுவோடும். ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் கிளப்பில் ஏழு மட்டைகள் கிடந்தன. மீதி நாலைக் கொய்யாக் கட்டையில் செதுக்கினோம். பந்துதான் எங்கேயும் இல்லை. அம்மாசி விற்காத ரப்பர் தகட்டை நாடா நாடாவாக அறுத்து, இறுக்கிச் சுற்றி, ஒரு வாரம் புகை காட்டி ஒரு பந்து செய்தார். கன்னங்கரேலென்று இருந்தது. அடித்தால் தவளை போலத் துள்ளும். சுற்று வட்டாரத்தில் இருந்த ஒரே பந்து அதுதான். எல்லா ஆட்டமும் அதில்தான்.

போட்டிக்கு முன்னால் யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று புகைக்கூடச் சுவரில் கரியால் எழுதிவைப்போம். சொன்னது பலிக்காதவர் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில், பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, "நான் சொன்னது தப்பு" என்று மூன்று தரம் கத்த வேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அம்மாசிதான். மற்றவர்களை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்கிற ஆசை.

லூனாஸ் கடைக்காரர் மூசா பாய் இரண்டு வெற்றி என்றார். வலது ஓரத்தில் ஆடும் நானே ஒன்றுதான் சொன்னேன். அம்மாசி நெஞ்சை நிமிர்த்தினார்.

"நாலும் தோல்வி, எழுதிக்கோ! கோல்ல நிக்கிறது யாரு? ராமையா! பந்து வந்தா ஒதுங்கி வழி விடுவான்."

ராமையா பக்கத்தில்தான் நின்றான். திட்டுவான் என்று அம்மாசி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனோ குனிந்து, பந்தடி படாமலிருக்கக் காலில் சுற்றிய கோணிச் சாக்கை இன்னும் இறுக்கிக் கட்டினான்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வந்த குழுவெல்லாம் தரையைப் பார்த்து மட்டை வீசும். பந்து அவர்கள் தோளுக்கு மேல் போகும். மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டிய எங்களுக்கு மட்டும்தான் அது எங்கே குதிக்கும் என்று தெரியும். ராமையா காலால் தடுத்தான், நெஞ்சால் தடுத்தான், ஒரு முறை நெற்றியால் தடுத்தான். மூன்று தோட்டங்களும் தோற்றன. கூலிம் ஆட்டத்தில் நான் போட்ட ஒரே கோலில் ஜெயித்தோம். உண்மையில் நான் பக்கத்து ஆளுக்குத்தான் தள்ளினேன். அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. கடைசி நிமிடத்தில் கூலிம்காரன் ஓங்கி அடித்தபோது, "விடாத மாப்ளே!" என்று கோட்டோரத்திலிருந்து அலறியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் பெரட்டுக் களத்தில் மரவள்ளிக்கிழங்கு வெந்தது. மூசா பாய் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாளியில் ஏறிக் கத்தினார். நானும் கத்தினேன். அம்மாசியைக் காணோம். புகைக்கூடத்தில் அடுப்பைப் பார்க்கிறாராம்! மருதம்மாள் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

ஏறினார். வாளி ஆடியது. "நான் சொன்னது தப்பு." கூட்டம் கைதட்டியது. "நான் சொன்னது தப்பு. நான் சொன்னது தப்பு." விசில் பறந்தது. கடன் முடிந்தது, இறங்க வேண்டியதுதான். அவர் இறங்கவில்லை.

"மாப்ளே" என்றார். "தைப்பூசம் முடிச்சிட்டுப் போன்னு சொன்னேனே... அதும் தப்பு."

ராமையா கிழங்குத் தட்டைக் கீழே வைத்தான். சாக்குக் கட்டிய காலோடு மெதுவாக வாளிக்கு முன்னால் வந்து நின்றான்.

"மூணு தரம் சொல்லணும் மாமா. நீங்க போட்ட சட்டம்தானே?"

ஒரு வருஷம் கழித்து அவன் சொன்ன முதல் 'மாமா' அது. அம்மாசி இரண்டாம் தரம் சொன்னார். மூன்றாவதற்குக் குரல் எழும்பவில்லை, உதடுதான் அசைந்தது.

"போதும், எறங்குங்க. வாளி ஒடஞ்சிடும்" என்று ராமையா கையை நீட்டினான்.

சண்டை ஓய்ந்து, 1946-இல் மறுபடி கப்பல் விட்டார்கள். ராமையாவின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாசியும் பினாங்குத் துறைமுகத்துக்கு வந்தார், நானும் கூடப் போனேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. படியில் கால் வைத்தவன் திரும்பிக் கேட்டான்.

"பிள்ளைக்கு என்னைய அடையாளம் தெரியுமா மாமா? என்ன சொல்றீங்க?"

அம்மாசி தலையிலிருந்த பெட்டியை இறக்கினார்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்லா. நீ போய்ப் பாத்துட்டு எனக்கு எழுது" என்று பெட்டியை அவன் கையில் கொடுத்தார்.