தடாகம் குடித்த ஞாயிற்றுக்கிழமைகள்

கோப்பாயில் அக்காவின் வளவுக்குள் நீச்சல் தடாகம் கட்டுவதென்று அத்தான் முடிவெடுத்தது எண்பத்தைந்தாம் ஆண்டு பங்குனியில். அப்போதுதான் அவர் வளைகுடா நாடொன்றில் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார். அங்கே ஒரு விடுதியின் நீச்சல் தடாகத்தை ஒன்பது வருடம் பராமரித்தவர். வடிகட்டுவது, மருந்து போடுவது, ஓடுகளைத் தேய்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வேலையாட்கள் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பது விடுதியின் சட்டம். ஒன்பது வருடமும் அவர் இறங்கவில்லை. "ஒருநாளைக்கு என்ரை தண்ணியிலை நான் நீந்துவன்" என்று கடிதங்களில் எழுதுவார். அக்கா அதைப் பகிடி என்றே எடுத்திருந்தார்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் சைக்கிளில் கோப்பாய்க்குப் போய் ஓரிரவு தங்குவேன். ஆகவே அந்தக் கட்டுமானத்தைக் கிழமைக்கு ஒருதரம் பார்த்தேன்.

முதல் இரண்டு அடி மண். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெடி வைத்தால் நாலு நாள் வேலை. ஆனால் போர் தொடங்கியிருந்த அந்தக் காலத்தில் வெடிமருந்துக்கு அனுமதி கேட்பதே ஆபத்தாக முடியும். ஐந்து பேர் அலவாங்கும் சம்மட்டியுமாக ஆறு கிழமை கல் உடைத்தார்கள். கூலியோடு அவர்களுக்கு மத்தியானச் சோறும் இரண்டு நேரத் தேத்தண்ணியும் அக்காவின் குசினியிலிருந்து போனது. சீமெந்து காங்கேசன்துறையிலிருந்து லொறியில் வரவேண்டும். வழியில் மறித்துத் திருப்பி அனுப்பினால் லொறிக்காரருக்கு அந்த நாளின் வாடகையும் கொடுக்கவேண்டும். இரண்டுமுறை அப்படிக் கொடுத்தார்கள். நீல ஓடு கிடைக்கவில்லை. சீமெந்துப் பூச்சின்மேல் நீல மை பூசினார்கள். முப்பது அடி நீளம், பதினைந்து அடி அகலம், ஐந்து அடி ஆழம்.

எதிர்பாராத செலவு, பார்க்க வந்தவர்களுக்குப் போன தேத்தண்ணி. உரும்பிராயிலிருந்தும் இருபாலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "காசு எவ்வளவு முடிஞ்சுது?" கூட்டிச் சொன்னால் திமிர் என்பார்கள், குறைத்துச் சொன்னால் வேலை சரியில்லை என்பார்கள். அக்கா ஆளைப் பார்த்துத் தொகை சொன்னார். அத்தான் உண்மையான தொகையை அக்காவுக்கும் சொல்லவில்லை.

கட்டி முடிந்தபோது வைகாசி. இனித் தண்ணீர் வேண்டும்.

அந்த வளவின் கிணறு பங்குக் கிணறு. பாதி அக்காவுடையது, சீதனமாக வந்தது. மறுபாதி பக்கத்து வளவில் இருந்த மாமியுடையது. அவர் எங்கள் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. கணவர் இறந்தபிறகு நாலு பரப்புத் தோட்டத்தைத் தானே செய்துகொண்டிருந்தார். அந்தப் போகம் முழுவதும் வெங்காயம். அவருடைய இளைய மகள் உடுவிலில் விடுதியில் நின்று படித்தாள். விடுதிக் கட்டணம் வெங்காயத்திலிருந்துதான் வரும். வேறு வருமானம் இல்லை.

அத்தான் அலுமாரியிலிருந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துவந்து என்னிடம் தந்தார்.

"தம்பி, நீ எழுத்து வாசிக்கிற ஆள். எங்களுக்கு எந்தெந்த நாள் தண்ணியெண்டு பாத்துச் சொல்லு."

வாசித்தேன். திங்கள், புதன், வெள்ளி அக்காவின் இறைப்பு முறை. செவ்வாய், வியாழன், சனி மற்றப் பங்காளியின் முறை.

"ஞாயிறு?"

இரண்டாம்முறை வாசித்தேன். "ஞாயிறு ஒருத்தருக்கும் எழுதேல்லை, அத்தான்."

"அப்ப முந்தினவருக்கு."

அக்கா குசினி வாசலில் நின்றார். "இஞ்சாருங்கோ, ஞாயிறு கிணத்துக்கு. அண்டைக்கு ஒருத்தரும் இறைக்கிறேல்லை. அது ஊறவேணும்."

"கிணறு உறுதியிலை கையெழுத்து வைச்சதோ?" என்றார் அத்தான்.

நான் சிரித்துவிட்டேன். எழுத்தில் உள்ளதைச் சரிபார்ப்பது என் தொழில். எழுத்தில் இல்லாத ஒன்றை எல்லாரும் தலைமுறையாகச் செய்துவந்தார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. "உறுதியின்படி நீங்கள் சொல்லுறது சரிதான்" என்று சொன்னேன். அத்தானுக்கு அது போதுமாக இருந்தது.

புதிய சீமெந்தின் காரம் போக, முதலில் தண்ணீர் நிரப்பி வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவிட்டார்கள். அந்தத் தண்ணீரை வாழைக்குள் திறந்துவிட்டு இரண்டாம்முறை நிரப்பினார்கள். காலையில் பார்த்தால் ஒரு சாண் குறைந்திருந்தது. வடக்கு மூலையில் வெடிப்பு. மேசன் வந்தார், தண்ணீர் வெளியே போனது, வெடிப்பு பூசப்பட்டது, மூன்றாம்முறை நிரப்பினார்கள். முறை நாட்களில் விடிய மோட்டர் போட்டால் பொழுதுபடத்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படியே. நான் நாலு ஞாயிறு அந்த மோட்டர்ச் சத்தத்துக்குள் படுத்திருந்து பத்திரிகை வாசித்தேன்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை. தடாகம் விளிம்புவரை நிறைந்து, குறையாமல் நின்றது. மறுநாள் தேங்காய் உடைத்து இறங்குவதாக அத்தான் திட்டமிட்டிருந்தார். பத்து மணியளவில் படலையைத் திறந்துகொண்டு மாமி வந்தார். கையில் செம்பு. கால் முழங்கால்வரை சேறு. அன்று அவருடைய முறை.

"தம்பி, இதைக் குடியும்" என்று அத்தானிடம் நீட்டினார்.

அத்தான் ஒரு மிடறு குடித்தார். முகம் சுழிந்தது. "என்ன மாமி, உப்புப் போட்டனியளோ?"

"நானோ? உம்மடை ஞாயிற்றுக்கிழமை போட்டது."

நானும் வாங்கிக் குடித்தேன். சவர். சந்தேகமில்லை. கோப்பாயின் கிழக்கே கடல்நீர் ஏறும் உப்பாறு கிடக்கிறது. நல்ல தண்ணீர் மேலே, சவர்த் தண்ணீர் கீழே. ஓய்வு கொடுக்காமல் இறைத்தால் கீழே கிடப்பது மேலே வரும். இது அங்கே எல்லாத் தோட்டக்காரருக்கும் தெரிந்த விசயம். தெரியாதவர்கள் அத்தானும் நானும்தான்.

"உறுதியின்படி பாத்தால், மாமி..." என்று அத்தான் தொடங்கினார்.

"உறுதியைக் கொண்டுபோய் வெங்காயத்துக்கு வாசிச்சுக் காட்டும். அது கேட்டுப்போட்டு வளரட்டும்." மாமியின் குரல் உயரவில்லை. "குமிழ் வைக்கிற நேரம். தாள் நுனி எரியத் தொடங்கியிட்டுது. இந்தத் தண்ணியை இனி ஒருக்கா விட்டன் எண்டால் பிள்ளையை உடுவிலாலை கூட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். அயல் கிணறுகளிலை கேட்டுப் பாத்திட்டன். அவையவைக்கே காணாது."

அக்கா தடாகத்தின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "உங்கை ஒரு குளம் நிறைய நல்ல தண்ணி கிடக்கு."

எல்லாரும் தடாகத்தைப் பார்த்தோம். நான் போய்க் கையால் அள்ளி வாயில் வைத்தேன். சவர் இல்லை. அது மாறுவதற்கு முன்னரே இறைத்த தண்ணீர். ஆனால் வேறொரு நெடி இருந்தது.

அத்தான் மெல்லச் சொன்னார்: "காலமைதான் பிளீச்சிங் பவுடர் போட்டனான்."

மாமி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வெங்காயத்துக்கு இன்னும் மூன்று இறைப்புத் தண்ணீர் வேண்டும். முப்பது அடிக்குப் பதினைந்து அடி நீளகலத்தில் அது கண்ணுக்கு முன்னால் கிடந்தது, மருந்தோடு.

அத்தான் வானத்தைப் பார்த்தார். ஒரு முகிலும் இல்லை. "ரெண்டு நாள் இந்த வெயில் பட்டால் போயிடும், மாமி. உண்மையாச் சொல்லுறன். மருந்தை வெயில் கொண்டுபோகாமல் பாக்கிறதுதானே ஒன்பது வருஷமும் எனக்கு வேலை."

"பயிர் செவ்வாய்வரை தாங்கும்" என்றார் மாமி. "அதுக்கு மிஞ்சித் தாங்காது."

அத்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சிறு பெட்டியில் கண்ணாடிக் குழாய்களும் சொட்டு மருந்தும் இருந்தன. தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால், பிளீச்சிங் இருக்குமட்டும் மஞ்சளாகும். சனி மத்தியானம் கடும் மஞ்சள். பின்னேரமும் பெரிய மாற்றமில்லை. ஞாயிறு காலை எலுமிச்சை நிறம். நான் பத்திரிகைக் கந்தோருக்குத் திங்கட்கிழமை வரமாட்டேன் என்று தகவல் அனுப்பினேன். உறுதியை வாசித்தது நான்தான் என்பது மாமிக்கு இன்னும் தெரியாது.

ஞாயிறு பின்னேரம் குழாயைப் பார்க்க மாமியும் வந்தார். மங்கலான மஞ்சள்தான் மிச்சம். கொஞ்சநேரம் தடாகத்தையும் அத்தானையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இவ்வளவு பாடுபட்டனீர். ஒருக்கா இறங்கி நீந்துமன் தம்பி. பயிருக்குப் போற தண்ணி, சவர்க்காரம் மட்டும் போட்டுடாதையும்."

தேங்காய் உடைக்கவில்லை. அத்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நாலுதரம் அங்குமிங்கும் போனார். நன்றாகவே நீந்தினார். அக்கா துவாயோடு கரையில் நின்றார். ஏறி வந்து அத்தான் துவாயை வாங்கித் துடைத்தார். தோள்களில் நீல மை கொஞ்சம் ஒட்டியிருந்தது.

திங்கள் மத்தியானம் குழாயில் நிறம் வரவில்லை. மூன்றுதரம் பார்த்தோம். மாமி குழாயை நம்பவில்லை. ஒரு வாளி அள்ளிக்கொண்டுபோய்த் தன் கீரைப் பாத்தி ஒன்றுக்கு ஊற்றினார். முளைத்து நாலு நாளான கீரை. செவ்வாய் விடியப் போய்ப் பார்த்தோம். ஒன்றும் வாடவில்லை, நிமிர்ந்து நின்றது.

மோட்டரைக் கிணற்றடியிலிருந்து கழற்றித் தடாகத்தின் கரையில் பூட்டினோம். மாமி மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிட்டார். நான் வாய்க்கால் உடையாமல் பார்த்துக்கொண்டேன். தடாகத்தின் மட்டம் படியொன்றுக்குக் கீழே போனதும் அத்தான் பெரிய மூச்சொன்று விட்டார். கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அப்பாடா" என்றார். "ஒரு மாசமா மட்டம் குறையுதோ, கறண்ட் நிக்குமோ, வேப்பமிலை விழுதோ எண்டு நித்திரையில்லை. அங்கை எண்டாலும் சம்பளம் தந்தவங்கள்."

மூன்று இறைப்புக்கும் தடாகத்துத் தண்ணீர் சரியாகப் போதுமாக இருந்தது. அதுவரை கிணற்றில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வாளியால் அள்ளினார்கள். அக்கா காலையில் ஒருதரம் வாயில் வைத்துப் பார்ப்பார். சவர் நாளுக்குநாள் குறைந்தது. ஆடி பிறந்தபோது மாமியே ஒரு செம்பு குடித்துப் பார்த்து, "ஓம், இது எங்கடை தண்ணி" என்றார். மாரியில் தடாகம் தானாக நிறைந்தது. தவளைகள் வந்தன. அத்தான் மருந்து போடவில்லை.

வெங்காயம் கிண்டியது ஆடியில், ஒரு சனிக்கிழமை. குமிழ் வழமையைவிடச் சிறிது. நுனி எரிந்த இரண்டு வரிசை மட்டும் பழுது. மற்றதெல்லாம் தப்பிவிட்டது. விடுதிக் கட்டணத்துக்குப் போதும் என்று மாமி சொன்னதும், சொல்லிவிடலாம் என்று எனக்குத் துணிவு வந்தது.

"மாமி, உறுதியை வாசிச்சு ஞாயிற்றுக்கிழமை சரியெண்டு சொன்னது நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவர் தனிய இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டார் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். கட்டுவதற்கு வைத்திருந்த வெங்காயக் குவியலைக் காட்டி, "இரும் அப்ப. பொழுதுபடமட்டும் பிடி கட்டும்" என்றார்.

அவ்வளவுதான் தண்டனை. தாளோடு தாள் சேர்த்துப் பொழுதுபடும்வரை கட்டினேன்.