சொல்லுங்கோ பாப்பம்

இலங்கையில் எழுபத்தேழு கலவரத்துக்குத் தப்பி மெல்பேர்ண் வந்த அடுத்த வருடம், பழைய யூதத் தெருக்களைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணத்துக்கு மனைவி, மகளோடு போயிருந்தேன். கார்ல்டனில் ஒரு ஜெப ஆலயத்தின் முன்னால் வழிகாட்டிப் பெண்மணி தங்கள் வேதக் கதையொன்றைச் சொன்னார். எதிரிக் குலத்தாரைக் கண்டுபிடிக்க, ஆற்றைக் கடக்க வந்தவர்களை மறித்து ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்களாம். 'ஷி' வராமல் 'சி' என்றவர்களை அங்கேயே வெட்டினார்களாம்.

சிலர் சிரித்தார்கள். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். கலவரத்தில் தமிழரைத் தேடிக் கொழும்பு ரயிலை மறித்தவர்கள் எங்களிடம் வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள். நாங்கள் பிழையில்லாமல் சொன்னோம். எதிரே இருந்தவருக்கு நாக்குப் புரளவில்லை. அவரை இறக்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பும்போது ட்ராமில் மகள் என் ஆங்கிலத்தைத் திருத்தினாள்.

"'டுடே' இல்லையப்பா, இங்க 'டுடாய்'. எங்க, சொல்லுங்கோ பாப்பம்!"

நான் ட்ராமின் கதவைப் பார்த்தேன். இன்றும் யாராவது என் உச்சரிப்பைத் திருத்தினால், கண் முதலில் வாசலைத்தான் தேடுகிறது.