கல்லறைக்குப் போன மச்சம்

எங்கள் ஏலத்தோட்டத்துக் கல்லறையில் உயிரோடு நடமாடுகிற இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஒருவர், நிழல்மரம் கவாத்து செய்யும்போது கத்தி தவறி இடது கைச் சுண்டுவிரலைப் பறிகொடுத்தவர். அவரை நாங்கள் விரல் மாமா என்போம். இல்லாத விரலை வைத்து ஒருவருக்குப் பெயர் வைப்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. இன்னொருவர் என் அப்பா. விரல் மாமாவின் விரல் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அப்பாவுக்குக் கிடைத்த இடம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

தோட்டம் போடிமெட்டிலிருந்து கேரளப் பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. கோயில் என்று தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம் உண்டு. சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் எடுப்பதும், சாவு வீட்டில் முன்னால் நிற்பதும் உபதேசியாரான என் பெரியப்பாதான். அப்பாவின் உடன்பிறந்த அண்ணன். ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட உடம்பில் ஒரு துண்டுகூடக் குப்பையில் கிடக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். சாமியார் அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் மாதம் முழுக்க எங்களோடு இருந்தவர் பெரியப்பா என்பதால் அவர் சொல்தான் செல்லுபடியானது. விரல் மாமாவின் விரலை அவர் வெள்ளைத் துணியில் சுற்றிப் புதைத்து, குச்சியில் சிலுவை கட்டி நட்டிருந்தார். கல்லறைத் திருநாளன்று விரல் மாமா தன் விரலுக்குத் தானே மெழுகுவர்த்தி ஏற்றுவார். அழ வேண்டுமா, கூடாதா என்று தெரியாமல் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நிற்பார்.

அப்பாவுக்கு முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. காய்ந்த ஏலக்காய் பருமன், நல்ல கறுப்பு, தொட்டால் லேசாக மேடு தெரியும். மேனேஜர் பங்களா வாசலில் காலிங்பெல் உண்டு. எங்கள் லயத்தில் கிடையாது. அந்தக் குறையை நான் அப்பாவின் முதுகில் தீர்த்துக்கொண்டேன். தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்து, வெந்நீரில் குளித்து, வெற்று முதுகோடு அடுப்புக்கு முன்னால் உட்காருவார். நான் பின்னால் போய் மச்சத்தை அழுத்துவேன். யாரது என்று கேட்பார். நான்தான் என்பேன். துரை தூங்குகிறார், நாளைக்கு வா என்பார். நான் மறுபடி அழுத்துவேன். சோறு வேகிற வரைக்கும் இது நடக்கும்.

அப்பா பயந்து நான் பார்த்ததில்லை. ஏலச்செடியின் தட்டையோடு தட்டையாகப் பச்சை விரியன் சுருண்டு கிடக்கும். காய் பறிக்கிற பெண்கள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். அப்பா போய் அதைக் கத்தி நுனியில் தூக்கி ஓடையில் எறிந்துவிட்டு வந்து பீடி பற்றவைப்பார். ஒருமுறை காற்றில் முறிந்த கிளை அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. அன்றிலிருந்து தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் மச்சக்காரன்.

ஒரு மழைக்காலத்தில் நான் பெல் அடித்தபோது விரலில் ஈரம் ஒட்டியது. அடுப்பு வெளிச்சத்தில் பார்த்தால் ரத்தம். அட்டை கடித்திருக்கும் என்றார் அப்பா. எங்கள் மலையில் மழைக்காலத்து ரத்தத்துக்கெல்லாம் அட்டைதான் பொறுப்பு, யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. அம்மாவும் புகையிலைத் தண்ணீரைத் தடவிவிட்டாள். ஆனால் அப்பாவின் சட்டைகளைத் துவைக்கிறவள் அவள். ஒவ்வொரு சட்டையிலும் கறை ஒரே இடத்தில் இருந்தது. எந்த அட்டையும் இத்தனை விசுவாசமாக ஒரே இடத்துக்குத் திரும்பி வராது. அம்மா அப்பாவைத் திருப்பி உட்காரவைத்து மச்சத்தைப் பார்த்தாள். அதன் ஓரம் கலைந்து, கசிந்த மை மாதிரி ஒரு பக்கமாகப் பரவியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அப்பா அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். கடைசியில், நீங்கள் போகாவிட்டால் நானும் வேலைக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். காய் பறிக்கிற சீசனில் அது சாதாரண மிரட்டல் இல்லை.

அம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் அப்பாவோடு நான் போனேன். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் உத்தியோகம் உண்டு. பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கும் போய் அவர்களுக்காகப் பேச வேண்டும். அப்பாவுக்கும் மலையாளம் நன்றாகவே புரியும். பேசத்தான் கூச்சம்.

டாக்டர் மச்சத்தை ஒரு கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். எத்தனை நாளாக ரத்தம் வருகிறது என்று கேட்டார். அப்பா குறைத்துச் சொன்னார், நான் திருத்தினேன். அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னை வெளியே உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா முதுகில் பெரிய கட்டோடு வந்தார். மரத்துப்போக ஊசி போட்டார்களாம், வலியே தெரியவில்லையாம். பின்னாலேயே வந்த சிஸ்டர் என் கையில் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். உள்ளே தெளிந்த மருந்துத் தண்ணீரில் ஒரு துண்டுத் தோலும் அதன் நடுவே மச்சமும் மிதந்தன. என் காலிங்பெல். எனக்கு அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

சிஸ்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இதைச் சோதித்துப் பார்க்கிற வசதி இங்கே இல்லை. கோட்டயமோ தேனியோ, எது வசதியோ அங்கே பெரிய லேபில் கொடுக்க வேண்டும். மூடியைத் திறக்கக் கூடாது. தள்ளிப்போடக் கூடாது. சோதித்தால்தான் இது வெறும் மச்சமா, கெட்ட நோயா என்று தெரியும். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

லயத்தில் பெரியப்பா எங்களுக்காகக் காத்திருந்தார். பாட்டிலைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "குப்பையில போடாம கொண்டாந்தியே, நல்ல வேலை செஞ்ச தம்பி" என்றார் அப்பாவிடம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பா வெள்ளைத் துணி எடுத்துவரச் சொன்னபோதும் சொல்லவில்லை. மருந்துத் தண்ணீரைக் கொட்டிவிடலாம் என்று பெரியப்பா மூடியைத் திருகினார். நெடி கண்ணைக் கரித்ததும் அவசரமாக மூடி, அப்படியே துணியில் சுற்றினார். விரல் மாமாவின் விரலுக்குப் பக்கத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துப் புதைத்தார். அப்பா சட்டைப் பொத்தானைத் திருகியபடி நின்றார்.

எனக்குக் குழப்பம்தான். ஆனால் பெரியவர்கள் இத்தனை பேர் தலைகுனிந்து நிற்கும்போது சிஸ்டர் சொன்னதைச் சொல்ல வாய் வரவில்லை. யோசித்துப் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பக்கத்தில் கல்லறை இல்லாதவர்கள்தான் இதையெல்லாம் லேபுக்குக் கொண்டுபோவார்கள் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அப்பா ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். அசந்து தூங்கினார். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த நாட்களில் என் பள்ளிக்கூடப் பையின் அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்தார். அம்மாவும் நோய் விட்டது என்று நம்பினாள். கல்லறைத் திருநாளுக்கு மற்ற வருஷங்களைவிடப் பெரிய மெழுகுவர்த்தியாக வாங்கினாள்.

அன்று மத்தியானம் மழை விட்டு, கல்லறை முழுக்கப் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. சாமியார் மற்ற தோட்டங்களை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வருவார். அதுவரை அவரவர் தங்கள் ஆட்களின் கல்லறையில் புல் செதுக்கி, பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். விரல் மாமா தன் இடத்தில் நின்றார். அம்மா அப்பாவின் இடத்தில் மெழுகுவர்த்தியை ஊன்றிவிட்டு, முழங்கால் போட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நான் முழங்கால் போட்டேன். அப்போதுதான், இனி லேபுக்குப் போக வேண்டியதே இல்லையா என்று கேட்டேன்.

எந்த லேப் என்று கேட்டாள் அம்மா. "சிஸ்டர் என்ன சொன்னாங்க? ஒண்ணுவிடாமச் சொல்லு."

சொன்னேன். கோட்டயம், தேனி, மூடி, தள்ளிப்போடக் கூடாது, கெட்ட நோய், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பாடம் ஒப்பிக்கிற பெருமைகூட எனக்கு இருந்தது. சொல்லி முடித்ததும் அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் கல்லறைச் சுவரில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்துபோச்சு" என்றார்.

அம்மா அவரைத் திட்டவில்லை. ஊன்றிய மெழுகுவர்த்தியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் கையால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள். ஜெபம் சொல்லி மூடியதைச் சாமியாரைக் கேட்காமல் தோண்டக் கூடாது என்று பெரியப்பா சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கல்லறைக்கு வந்த எல்லாரும் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

அப்பா எழுந்து பக்கத்தில் வந்தார். "அது கெடக்கட்டும் விடு. எனக்குப் பதிலா அது போயிருச்சுன்னு இருக்கட்டும்."

அம்மா நிமிர்ந்தாள். நகக்கண்ணெல்லாம் சேறு. "நீங்க தெரியாம இருந்துக்கிருவீங்க. நான் எப்படி இருப்பேன்?"

பெரியப்பா அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "தள்ளும்மா. நான் மூடுனது, நானே எடுத்துத் தாரேன்." துணி நைந்துபோயிருந்தது. பாட்டில் அப்படியே இருந்தது. தன் விரலுக்கு முன்னால் தம்பியின் மச்சம் உயிர்த்தெழுந்துவிட்டது என்று விரல் மாமா மெல்லச் சொன்னார். சிரிக்கலாமா என்று எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை, அதனால் யாரும் சிரிக்கவில்லை.

தன் அறியாமையால் வந்த பிசகு என்று பெரியப்பா அன்று சாயங்காலமே லயம் முழுக்கச் சொன்னார். சாகும்வரை அப்படியேதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் கொடுத்ததைப் புதைத்த உபதேசியார் என்று அவரைக் கேலி பேசினார்கள், அதையும் கேட்டுக்கொண்டார். அப்பா ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. பெரியப்பாவின் பெட்டி இறங்கும்போது அப்பா அழுத அழுகையை நான் வேறு எந்தச் சாவிலும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, போடியிலிருந்து ஆள் ஏற்றிவந்து காலியாகத் திரும்பிய ஜீப் ஒன்றில் மூவரும் தேனிக்குக் கிளம்பினோம். லேபில் பாட்டிலை வாங்கிக்கொண்டவர் சேறு படிந்த மூடியைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். சோதனை முடிவு வந்தது. கெட்டதுதான். ஆனால் ஆழமாக இறங்கவில்லை, வந்தவரைக்கும் நல்லது என்றார் டாக்டர். அதே இடத்தில் இன்னும் அகலமாக வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகும் பல வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தார்கள். அப்பா இன்றைக்கும் இருக்கிறார். முதுகில் ஒரு கைப்பிடி மண் அள்ளிய மாதிரிப் பள்ளம் இருக்கிறது. என் மகள் அதில் விரலை வைத்து அழுத்துகிறாள், துரை தூங்குகிறார் என்று அவளிடமும் சொல்கிறார்.

ஆனால் அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு லேப் ஞாபகம் வருவதில்லை. ஜீப்தான் வருகிறது. போடிமெட்டு தாண்டி வளைவுகளில் இறங்கும்போது அம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மடியில் வைத்திருந்த பாட்டிலை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"பாப்பா, நீ வச்சுக்க. நீதான் பத்திரமா வச்சிருப்ப" என்றார்.

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. அம்மாவை நம்பாமல் என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார். இரண்டு கையாலும் பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். போடியில் இறங்கித் தேனி பஸ்ஸில் ஏறும்போதும் யாரிடமும் கொடுக்கவில்லை. அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்திருந்தார். ஜீப்பிலும் அப்படித்தான் வைத்திருந்தார். அப்பாவுக்குக் குளிருகிறது என்று நினைத்தேன். பஸ் அப்போது மலையை விட்டு வெகுதூரம் வந்து, கொளுத்தும் வெயிலில் போய்க்கொண்டிருந்தது. பாட்டிலைப் பிடித்திருந்த என் உள்ளங்கைகூட வியர்த்திருந்தது.