ஈரான் எல்.டி.சி.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர் ஃப்ளாட் கார்த்திக் ஒரு பிஸ்தா பொட்டலத்தோடு வந்தார். ஐ.டி. வேலை, தென்காசிப் பக்கத்துப் பிள்ளை. நூம்பலில் எங்கள் அடுக்குமாடிக்குக் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. துபாயிலிருந்து வந்த மாமா கொடுத்தாராம். உப்புப் போட்டு வறுத்த ஈரான் பிஸ்தா. அம்மாவுக்கு அதைக் கடிக்கப் பல் இல்லை. இருந்தாலும் ஒன்றை உரித்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, வழக்கமாக ஆரம்பிக்கும் இடத்தில் ஆரம்பித்தாள். "எம்புள்ள கூட ஈரானுக்கு டூர் போய்க்கிறான்பா. கம்பெனிலயே அனுப்பிச்சாங்க. கிஷ்ஷுன்னு ஒரு தீவு."

கார்த்திக் நல்ல பையன். நல்ல பையன்கள்தான் இப்படி யோசிக்காமல் பேசிவிடுவார்கள். "கிஷ்ஷா ஆன்ட்டி? அது விசா மாத்தப் போற எடம்லா. எங்க மாமா அங்க ஒரு மாசம் சும்மா உக்காந்திருந்தாவ. டூருக்கெல்லாம் யாரும் போகமாட்டாவளே" என்றார்.

நான் பிஸ்தா ஓட்டை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தேன். அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஏதோ தப்பாகிவிட்டது என்று கார்த்திக்குக்கும் புரிந்து, ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது என்று கிளம்பினார்.

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்ல உங்களை ஆவடிக்குக் கூட்டிப்போக வேண்டும். நான் வளர்ந்தது அங்கே டிஃபென்ஸ் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில். நைனா ஃபிட்டர். எங்கள் பக்கத்தில் பலருக்கும் அப்பா என்றால் நைனாதான். ஃபாக்டரி சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீடு திரும்புகிற மனிதர். அந்தக் குவார்ட்டர்ஸில் தீபாவளி, பொங்கலுக்கு அப்புறம் மூன்றாவதாக ஒரு பண்டிகை இருந்தது. அதன் பெயர் எல்.டி.சி. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய்வர சர்க்கார் தரும் பயணச் சலுகை. மே மாதம் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஜூனில் ஆட்கள் கறுத்துப்போய்த் திரும்பி வந்து வீட்டுக்கு வீடு அக்ரூட்டும் குங்குமப்பூவும் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் தாஜ்மகால் இல்லாத டி.வி. ஸ்டாண்டே எங்கள் தெருவில் கிடையாது.

போகாமலே போனதாகச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களை நைனாவுக்குக் கண்டாலே ஆகாது. "பூந்தமல்லி வரைக்கும் டவுன் பஸ்ல போய்ட்டு வந்து காஷ்மீர்னு எழுதறானுங்க" என்பார். அந்த வார்த்தையைப் பிற்பாடு நான் எத்தனை தடவை நினைத்துக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் ஒரே ஒரு தடவை போனோம். டில்லி, ஆக்ரா, காஷ்மீர் என்று நைனா ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். டில்லியில் இறங்கிய மறுநாள் காலை, ஆக்ராவுக்கு பஸ் ஏறப் போகும் நேரத்தில், எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் பேசினார். சித்தப்பா போய்விட்டார், உடனே கிளம்பி வாருங்கள் என்று அங்கே சொன்னார்கள். அப்படியே திரும்பினோம். இரண்டு நாள் ரயிலில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பால் தெளித்தும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு என் பரீட்சை, அம்மாவின் ஆபரேஷன் என்று ஒவ்வொரு தடவையும் எல்.டி.சி. தள்ளிப்போனது. பேச்சு வந்தால் நைனா ஒன்று மட்டும் சொல்வார். "கூப்ட்டு மட்டும் இன்னா ஆச்சு? அவனும் பூட்டான், டூரும் பூட்ச்சு."

டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நான், சிநேகிதன் குமணன்சாவடி பாஸ்கர் கூப்பிட்டான் என்று துபாய்க்குப் போனேன். விசிட் விசா. வீட்டில் அதைச் சொல்லவில்லை, வேலை விசா என்றே சொல்லியிருந்தேன். எப்படியோ வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த நாட்களில், விசிட் விசாவை வேலை விசாவாக மாற்ற நாட்டை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வர வேண்டும். விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலையில் கம்பெனி ஆள் வந்து, பக்கத்து நாடுதான், போய்விட்டு சாயங்காலமே வந்துவிடலாம் என்றார். நான் ஒரு மாற்றுச் சட்டையும் பல்பொடியும் எடுத்துக்கொண்டேன். பல்பொடி எதற்கு என்று பாஸ்கர் சிரித்தான்.

கிஷ் தீவில் இருபத்து நாலு நாள் இருந்தேன்.

சின்ன விமானம், நாற்பது நிமிஷப் பயணம். இறங்கியதும் ஒரு ஹோட்டல். ஹோட்டல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு அறையில் எட்டு இரும்புக் கட்டில். மலையாளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள், எங்களைப் போல நாலைந்து தமிழர்கள். எல்லோரும் விசா ஃபேக்ஸுக்காக உட்கார்ந்திருப்போம். காலை பதினொரு மணிக்கு வரவேற்பு மேஜைக்காரர் பெயர் வாசிப்பார். பெயர் வந்தவர் அந்த நிமிஷமே கிளம்புவார். மிச்சமிருக்கும் சோப்பையும் செருப்பையும் பெயர் வராத யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு அப்படி மூன்று சோப்பு சேர்ந்தது. அறை முழுக்க ஈரச் சட்டை வாடை, டின்னில் அடைத்த பீன்ஸ் வாடை. இன்றைக்கும் துணி சரியாகக் காயாத மழைநாளில் எனக்கு அந்தப் பெயர் வாசிக்கும் குரல் கேட்கும்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் பேசினேன். நைனா எடுத்தார். புது நம்பராக இருக்கிறதே என்றார். ஈரானில் இருக்கிறேன் என்று உளறிவிட்டேன். எதற்கு என்று கேட்டார். விசா இல்லை, வேலை நிச்சயமில்லை, ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? கம்பெனியில் அனுப்பினார்கள், சும்மா சுற்றிப் பார்க்க என்றேன்.



"இன்னாடா, எல்.டி.சி.யா?"

"ஆமா நைனா."

"சேந்து ரெண்டு மாசத்துலயா? நல்ல கம்பெனிடா அது. நல்லா பாத்துகினு வா. நடுவுல உட்டுட்டு வராத."

உலகத்தில் வேறு எந்த அப்பாவும் அதை நம்பியிருக்கமாட்டார். ஒரு கம்பெனி ஆளை வெளியூருக்கு அனுப்பினால் அது எல்.டி.சி.யாகத்தான் இருக்கும் என்று குவார்ட்டர்ஸ்காரர் ஒருவரால்தான் நம்ப முடியும்.

அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை பேசுவேன். இன்று என்ன பார்த்தாய் என்று கேட்பார். சொல்ல ஏதாவது வேண்டுமே என்று கடற்கரைக்கு நடப்பேன். கரைதட்டித் துருப்பிடித்து நின்ற ஒரு பழைய கப்பலை அப்படித்தான் பார்த்தேன். அதன் நீளம் என்ன, தகடு எவ்வளவு கனம் இருக்கும், ரிவெட் ஆணி அடித்ததா வெல்டிங் வைத்ததா என்று ஃபிட்டர் கேள்வியாகக் கேட்டார். மறுநாள் போய்ப் பார்த்துச் சொன்னேன். தண்ணீர் அடிமண் தெரிகிற அளவுக்குத் தெளிவு என்றேன், அது உண்மை. மீன் சாப்பிட்டேன் என்றேன், அது பொய். நைனாவுக்காகத்தான் அந்தத் தீவைச் சுற்றிப் பார்த்தேன். இல்லாவிட்டால் கட்டிலை விட்டு இறங்கியிருக்கமாட்டேன்.

நடுவில் ஒருநாள் செல்போன் வாங்கியிருப்பதாகச் சொல்லி நம்பர் கொடுத்தார். பரவாயில்லையே, நைனா முன்னேறிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த தடவை அதில் பேசியபோது குரல் கம்மியிருந்தது. சளி என்றார். பின்னால் இரும்பு வண்டி உருளும் சத்தம் கேட்டது. நான் கேட்கவில்லை. என் கப்பலில் இருந்தேன்.

இருபதாம் நாளுக்கு மேல் அம்மாதான் எடுத்தாள். தூங்குகிறார் என்றாள்.

இருபத்து நாலாம் நாள் என் பெயரை வாசித்தார்கள். துபாய் அறைக்குள் நுழைந்தபோது, டூட்டிக்குப் போயிருக்க வேண்டிய பாஸ்கர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "மொதல்ல சாப்டு மச்சான்" என்றான். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே இருந்தான். பிறகு சொன்னான். நைனாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, இரண்டு நாள் முன்னால் போய்விட்டார். சித்தப்பா பிள்ளை கொள்ளி வைத்தான்.

பாஸ்போர்ட் கம்பெனியிடம் போய்விட்டது. நான் ஊருக்கு வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மா முத்தாபுதுப்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்து அழுதுமுடித்த பிறகு அவள் சொன்ன முதல் விஷயம் இது: "உன் டூர கெடுக்கக் கூடாதுன்னுட்டாருடா. சொன்னா நா மருந்து சாப்ட மாட்டேன்னாரு."

அந்த இருபத்து நாலு நாளில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். என் ஆயுசிலேயே நான் அவ்வளவு சும்மா இருந்ததில்லை. வேலை போனால் போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், துபாய் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமலே விமானம் மாறி மறுநாள் ஆவடியில் இருந்திருப்பேன். என்னோடு இருந்த இரண்டு பேர் பொறுமை போய் அப்படித்தான் ஊருக்குப் போனார்கள். கடன்காரன் நான், கடற்கரையில் நின்று கப்பலுக்கு எத்தனை ஆணி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவர் அவ்வளவு கஷ்டத்தைப் பொத்திவைத்தது ஒரு பொய்க்காக என்று எந்த வாயால் சொல்வது? அதனால் கிட்டத்தட்ட இருபது வருஷமாக எங்கள் வீட்டில் ஈரான் டூர் நடந்துகொண்டே இருந்தது. விருந்தாளி வந்தால், கல்யாண வீட்டில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால், "அந்தக் கப்பல் கதைய சொல்லுடா" என்பாள். சொல்வேன். சொல்லிச் சொல்லி மீன் ருசிகூட எனக்கு ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது. நைனாவைப் பற்றி நாங்கள் இருவரும் அழாமல் பேசிக்கொள்ள இருந்த ஒரே வழி அதுதான்.

கார்த்திக் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். அம்மா டம்ளரைக் கழுவி முடித்திருந்தாள். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூடினேன். அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்தேன். வேண்டாம் என்பது போலக் கையைக் காட்டினாள்.

"அது டூரு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்டா. பாஸ்கரு சொல்ட்டான்."

நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே, அவருக்குத் தெரியாமல், என்னை வரவழைக்கத்தான் அவள் துபாய் அறைக்குப் பேசியிருக்கிறாள். பாஸ்கர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கிஷ் நம்பரும் கொடுத்திருக்கிறான். பாவி, அதை என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாதே என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாளாம்.

"போன் பேசிட்டு உள்ள வரேன். பக்கத்துக் கட்டில் ஆளாண்ட உங்க நைனா கப்பல் கத சொல்லிகினு கீறாரு. அன்னிக்கிதான் கைல ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கீறாங்க, அது கூட தெரியாம சிரிச்சிகினு கீறாரு. உன்ன இட்டாந்து நிறுத்தினா இன்னான்னு சொல்வேன்? டூரு இல்ல, உம்புள்ள அங்க சோறு தண்ணி இல்லாம கீறான்னா? என்னால முடில. அந்த நம்பர முந்தானைல முடிஞ்சிகினு பதினோரு நாளு அவரு பக்கத்துலயே உக்காந்துனு இருந்தேன்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் கூப்ட்ருந்தா வந்திருப்பியாடா?"

"வந்திருப்பேம்மா" என்றேன்.

வாயை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. வந்திருக்க முடியாதும்மா, விமானம் இல்லை, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தார்கள், போலீஸ் விடாது என்று ஆயிரம் சொல்லியிருக்கலாம். நைனாவிடம் அத்தனை நாள் வாய் கூசாமல் புளுகியவன் நான். சொல்லியே தீர வேண்டியிருந்த ஒரு பொய்யை, அது வேண்டியிருந்த ஒரே ஆளிடம் சொல்லவில்லை.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அப்டியா என்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டாள்.

நேற்று முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பழைய வீட்டுக்காரம்மா அவளைப் பார்க்க வந்திருந்தார். சாப்பிட்டார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். நான் கூடத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மாவே, பையன் அப்போது எங்கேயோ வெளிநாட்டுக்கு டூர் போயிருந்தானே, எந்த ஊர் அது என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டாள்.