பத்தாவது வாளிக் கத்தரி

மாவுப்பூச்சியை எப்படி ஒழிப்பது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். வேப்பெண்ணெய் ஒரு மூடி, துணி சோப்பைச் சீவிக் கரைத்த தண்ணீர், தெளிக்க மூடியில் ஓட்டை போட்ட பழைய ஷாம்பு பாட்டில். பெரிய செலவு கிடையாது. இதில் எனக்கு இருக்கும் தேர்ச்சியைப் பார்த்துவிட்டு, இப்போது நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் தொட்டிச்செடி வைத்திருக்கும் பெண்கள் எல்லாம் என்னிடம்தான் வருகிறார்கள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பார்கள். சின்ன வயதில் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தஞ்சாவூரில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் போட்டிருந்த ஒரு புது நகரில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு டிராக்டர் விற்கும் கடையில் வேலை. பொங்கல் முடிந்த வாரத்தில் அம்மாவின் தங்கை, என் சித்தி, ஒரே ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. சித்தப்பா வீட்டில் நெல் விவசாயம். சித்தியின் இடது கை முழங்கைக்குக் கீழே கன்றிப்போய் நீலமாக இருந்தது. களத்தில் விழுந்துவிட்டாளாம். களத்தில் விழுந்தால் முழங்கால்தானே சிராய்க்கும், கையில் எப்படி நாலு விரல் தடம் வந்தது என்று கேட்டேன். போய் வீட்டுப்பாடத்தை எழுதச் சொன்னாள் அம்மா.

சித்தியால் சும்மா உட்கார முடியாது. நாலாம் நாளே பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் காலிப் பெயிண்ட் வாளிகளைக் கேட்டு வாங்கி வந்தாள். பத்து வாளி. அடியில் ஓட்டை போட்டு, வயல் மண்ணும் மக்கிய சாணியும் கலந்து நிரப்பி, சந்தையில் வாங்கிய கத்தரி நாற்றுகளை மொட்டை மாடியில் வரிசையாக நட்டாள். பூச்சி வருவதற்கு முன்னாலேயே அடுப்புச் சாம்பலைத் தூவினாள், மோரைப் புளிக்க வைத்து ஊற்றினாள். ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்ப்பாள். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடவே நின்று திருப்பிப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் எனக்கு அதுவரை அப்படி ஒரு துணை இருந்ததில்லை. சித்தி இங்கேயே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் அவருடைய அண்ணனும் பூவன் பழத்தாரோடு வந்தார்கள். சித்தி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன்காரர்தான் பேசினார்.

"நடந்தது நடந்துபோச்சு தங்கச்சி. புருஷன் பொண்டாட்டின்னா நாலும்தான் இருக்கும். கையோட அனுப்பி வைங்க."

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நல்லவர். நல்லவர்கள் இந்த மாதிரி நேரங்களில் மின்விசிறியைப் பார்ப்பார்கள் என்பதைப் பிறகு பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அம்மா காபி டம்ளர்களை வைத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அனுப்பாம என்னங்க? ஆனா மாடியில கத்தரி வச்சிருக்கா. அவ கையால நட்டது. மொத காய அவ பறிக்காம பாதியில விட்டுட்டு வந்தான்னா நட்ட கை என்னத்துக்கு ஆவும்? நாளைக்கு உங்க வயல்லயும் நடவுக்கு அவதானே மொத முடி நாத்து எடுத்து வைக்கணும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாடிக்குப் போய்ச் செடிகளைப் பார்த்தார்கள். அண்ணன்காரர் ஒரு வாளியில் மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். கைராசி விஷயத்தில் விளையாடக் கூடாது, ஒரு காய் பறித்துக்கொண்டே வரட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கன்றிப்போன கைக்காக இன்னும் ஒரு நாள்கூடப் பொறுக்காதவர்கள், கத்தரிச் செடிக்காகப் பொறுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு எனக்குப் பழத்தார் வந்த சந்தோஷம்தான்.

குழப்பம் அதற்குப் பிறகு ஆரம்பித்தது. மறுநாளிலிருந்து சித்தி வேறு ஆளாகிவிட்டாள். சாம்பல் தூவுவதை நிறுத்தினாள். மோரை நாங்களே குடித்தோம். திடீரென்று எறும்புகளின் மேல் அவளுக்குப் பாசம் வந்துவிட்டது. தினமும் காலையில் ஒவ்வொரு வாளியைச் சுற்றியும் பச்சரிசி மாவால் கோலம் போட்டாள். வாசலில் போட்டால் சரி, மொட்டை மாடியில் வாளிக்கு எதற்குக் கோலம் என்றால், எறும்பு தின்றால் புண்ணியம் என்றாள். எறும்புகள் சாரைசாரையாக வந்து மாவைத் தின்றுவிட்டு, அப்படியே தண்டில் ஏறின. பத்து நாளில் கொழுந்தெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி.

சித்தப்பா இரண்டு நாளைக்கு ஒரு முறை அம்மாவின் செல்போனில் கூப்பிடுவார். அம்மாவுக்கு அவரோடு பேசப் பிடிக்காது. எண்ணைப் பார்த்ததும் போனை என் கையில் திணித்துவிடுவாள். அதனால் கத்தரிச் செடிகளைப் பற்றிய தகவல் தரும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அவர் என்னிடம் ரொம்பப் பிரியமாகப் பேசுவார். பூ எடுத்துவிட்டதா என்று கேட்பார். பூச்சி விழுந்திருக்கிறது என்றதும் அவருக்கு என்னைவிடக் கவலை. வேப்பெண்ணெய்யும் சோப்பும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். பூண்டு, பச்சை மிளகாய், இஞ்சியை அரைத்து ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பது, மஞ்சள் காகித அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி நடுவே தொங்கவிட்டுப் பறக்கிற பூச்சியைப் பிடிப்பது எல்லாமே அவர் சொன்னவை.

"எறும்பு ஏறவே விடாத பாப்பா. மாவுப்பூச்சியத் தூக்கிட்டு வர்றதே அதுதான்" என்றார் ஒருநாள்.

நான் மலைத்துப்போனேன். விவசாயி வீட்டில் பிறந்து விவசாயி வீட்டில் வாழ்க்கைப்பட்ட சித்திக்கு இது தெரியாதா? அம்மாவிடம் போய், சித்திக்குச் செடி வளர்க்கவே தெரியவில்லை என்று புகார் சொன்னேன். சித்தி வந்த பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் காலையில் தெளிப்பேன். மாலையில் வந்து பார்த்தால் இலைகளைச் சித்தி பச்சைத் தண்ணீரால் கழுவிவிட்டிருப்பாள். எண்ணெய் இருந்தால் இலைக்கு மூச்சு முட்டுமாம். பூ விட்டால் மறுநாள் காம்புதான் இருக்கும். அணில் கடித்திருக்கும் என்பாள். அப்பா அதை நம்பி, தன் பழைய சிடிகளை எல்லாம் நூலில் கட்டி அணிலை மிரட்டத் தொங்கவிட்டார். வெயிலில் அவை பளபளவென்று சுற்றின. பூக்கள் காணாமல் போவது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் நான் பார்த்தேவிட்டேன். ஒன்றிரண்டு செடிகள் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் தேறியிருந்தன. சித்தி பூச்சி அப்பிய ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்து, அந்தத் தேறிய செடியின் கிளையில் செருகிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அது பூச்சி எல!"

"தெரியும்டி."

"அப்பறம் ஏன் அங்க வைக்கிற?"

சித்தி என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இங்க காத்து நல்லா வருதுல்ல குட்டி?" என்றாள். நான் கேட்டதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. செடி சரியாக வராத வருத்தத்தில் சித்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஒரே ஒரு காய் காய்த்துவிட்டால் போதும், பழைய சித்தி திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

பத்தாவது வாளிச் செடி எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. பங்குனிக் கடைசியில் சித்தி அதை ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். கோடை விடுமுறை விட்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் நான் அதை எடுத்துக்கொண்டேன். நெளிந்துபோன பழைய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன் மேல் வாளியைத் தூக்கி வைத்தேன். எறும்பு நீந்தியா வரும்? துளிர் விட்டதும் பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து ஒவ்வொரு கணுவாகத் துடைத்தேன். கிழிந்த கொசுவலையைப் பை மாதிரி தைத்து மாட்டிவிட்டேன். வைகாசிப் பாதியில் உள்ளே ஒரு பூ நின்றது. அது விழவில்லை. என் கட்டைவிரல் அளவுக்குப் பிஞ்சு வந்தது, பிறகு அது அப்பாவின் கட்டைவிரலைத் தாண்டிற்று. கருநீலத்தில் மினுமினுவென்று இருந்தது. நான் என் வாழ்க்கையில் அதற்கு முன் எதையும் அப்படி உருப்படியாகச் செய்ததில்லை.

சித்தியிடம் காட்டலாம் என்று இறங்கி வந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா போனை என் கையில் திணித்தாள். சித்தப்பா வழக்கம்போலக் கேட்டார். சந்தோஷம் தாங்காமல் அவரிடம் முதலில் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே வாடகைக் காரில் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் விடப்போகிறார்கள், குறுவை நடவுக்கு வீட்டில் பெண்ணாள் இல்லை என்று அண்ணன்காரர் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே படியேறினார். நான்தான் முன்னால் ஓடினேன். தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், கொசுவலையை விலக்கிக் காட்டினேன். சித்தி படிக்கட்டு முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டாள். கைதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டாள்.

"இது அவ செடி இல்லைங்களே. இது என் பொண்ணு வச்சு வளத்தது. என் தங்கச்சி வச்சதெல்லாம் அந்தா நிக்குது பாருங்க, ஒண்ணுகூடக் காய்க்கல."

அண்ணன்காரர் ஒன்பது வாளிகளையும் பார்த்தார். மோவாயைச் சொறிந்துகொண்டார். "அப்டின்னா கணக்குல வராதுதான்" என்று இழுத்தார். சித்தப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. சித்தி சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

எனக்கோ பொறுக்கவில்லை. அம்மா இவ்வளவு பெரிய பொய்யை இத்தனை பேர் முன்னால் சொல்கிறாள். சித்தியின் கைராசியை எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டால், பாவம், சித்திக்கு என்ன இருக்கிறது? பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அம்மாதான்.

"இல்ல பெரியப்பா! சித்தி நட்டதுதான். நான் பூச்சி மட்டுந்தான் பாத்தேன்" என்று கத்தினேன்.

அப்பா தொங்கிக்கொண்டிருந்த சிடி ஒன்றைத் தொட்டு ஆடாமல் நிறுத்தினார். சித்தி மெதுவாக வந்து, காம்பைத் திருகிக் காயைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தாள். "நல்லா வளத்துருக்க குட்டி" என்றாள். அவளுக்குக் கோபமே இல்லை. பிறகு கீழே போய் அதே துணிப்பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். அம்மா வாசல்வரைகூடப் போகவில்லை. அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

நான் காயும் கையுமாக மாடியிலேயே நின்றேன். இவ்வளவு செய்தும் ஒருவர்கூட என்னைச் சரியாகப் பாராட்டவில்லை என்று உள்ளூர வருத்தம். கார் கிளம்பும்போதுதான் கொசுவலைக்குள் இன்னும் இரண்டு பூ இருப்பதைக் கவனித்தேன். ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, இன்னும் ரெண்டு பூ இருக்கு! காய் வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் பண்றேன்!" என்று கத்தினேன். சித்தி திரும்பவில்லை. கண்ணாடி ஏற்றியிருப்பதால் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.