ஓக்புன் திட்டி வைத்த போன்

எங்கள் ஊர்ப் பெண்கள் குளியல் கூடத்தில் உடம்பு தேய்த்துவிடும் ஓக்புன்னுக்கு இரண்டு விஷயங்களில் பெயர் உண்டு. ஒன்று அவள் கை. பச்சை நிறச் சொரசொரப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் தேய்த்தால், போன வருஷத்து அழுக்கும் உருண்டு வந்துவிடும். இன்னொன்று அவள் வாய். நேரில் அவள் அதிகம் பேசமாட்டாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால்தான் கச்சேரி ஆரம்பம்.

நான் உடை மாற்றும் அறையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். சுட்ட முட்டையும் அரிசிப் பானமும் ஐஸ் காபியும் விற்கிறேன். ஓக்புன்னின் போன் என்னிடம்தான் இருக்கும். தேய்க்கும் மேஜைப் பக்கம் எப்போதும் ஈரம், அவள் கையும் எப்போதும் ஈரம். மணி அடித்தால் நான்தான் கண்ணாடிக் கதவு வரை எடுத்துப் போய், ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அவள் வாய் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் இலையுதிர் காலத்தில் ஒருவன் கூப்பிட்டான். “பிட்னாவோட அம்மாவா பேசுறது? உங்க பொண்ணு எங்ககிட்ட இருக்கா” என்றான். பணம் கேட்டான். பின்னால் ஒரு பெண் ‘அம்மா, அம்மா’ என்று அழும் சத்தம். பிட்னா அவளுடைய ஒரே மகள். வேலை உடுப்பான கறுப்பு உள்ளாடையோடு, என் பஞ்சுக் கோட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் வங்கிக்கு ஓடினாள். வங்கியிலிருந்த பெண்ணுக்குச் சந்தேகம் வந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். பிட்னா உணவுக் கூடத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பணம் போகவில்லை. ஆனால் அன்று திரும்பி வந்தவள் என் கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து சாயங்காலம் வரை நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த நடுக்கத்தை நான் மறக்கமாட்டேன். மறுநாளே மகளை போன் கடைக்கு இழுத்துப் போய், தெரியாத எண் எதுவாக இருந்தாலும் தானாகவே துண்டித்துவிடும்படி அவள் போனில் செய்துவைத்தாள். தன் போனில் அப்படிச் செய்ய முடியவில்லை. வாடிக்கையாளர்கள் நேரம் கேட்டுக் கூப்பிடுவார்களே. அதனால் தன் போனுக்கு வாயையே காவல் வைத்துக்கொண்டாள்.

அவள் திட்டில் ஒன்று ஊர் முழுக்கப் பிரபலம். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு முதல் வேளையிலிருந்து கடற்பாசி சூப்தான் கொடுப்போம். அதை வைத்துத்தான் முடிப்பாள். “உன்னப் பெத்துப் போட்டுட்டு உங்கம்மா குடிச்சாளே கடற்பாசி சூப்பு, அத்தனையும் வீணாப்போச்சுடா.” சூடான தொட்டியில் கழுத்து வரை கிடக்கிற பெண்கள் அதைக் கேட்பதற்காகவே தண்ணீர்க் குழாயை மூடிவிடுவார்கள்.

பிட்னா இந்த வருஷம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். எங்கள் கொதிகலன் அறைக்குள் காலொடிந்து வந்து கிடந்த பூனையைச் சின்ன வயதில் அவள்தான் தேற்றினாள். அன்றிலிருந்து கால்நடை மருத்துவம் என்று பிடித்த பிடியை விடவில்லை. “நீ மனுசங்களத் தேய்க்கிற, உம் பொண்ணு மாட்டத் தேய்க்கப் போறா. குடும்பத் தொழில் விட்டுப் போகாது” என்று மீன் கடை துக்சிம் கிண்டல் செய்வாள். “மாடு உன்ன மாதிரி மேஜைல படுத்துக்கிட்டு வாயடிக்காது” என்பாள் ஓக்புன்.

முன்கூட்டியே சேர்க்கும் முறையில் ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஐந்து இடங்களில் இல்லை என்றுவிட்டார்கள். பாக்கி நின்றது அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். அதில் காத்திருப்போர் வரிசையில் நான்காவது எண். இடம் கிடைத்தவர்கள் வேறு எங்காவது போனால் வரிசை நகரும். கடைசிக் கட்டத்தில் பல்கலைக்கழகமே போன் போட்டுக் கேட்கும். எடுத்து ‘சேர்கிறேன்’ என்று சொன்னால் இடம் உனக்கு, எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்கு. கடைசி நாளன்று காலையில் வரிசையில் பிட்னாதான் முதல் ஆள். மாலை ஆறு மணியோடு எல்லாம் முடிந்துவிடும்.

அது தவறினால் தேசியத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான் ஏதாவது பார்க்க வேண்டும். அதிலோ கணக்கில் கோட்டை விட்டிருந்தாள். இன்னொரு வருஷம் படிக்கமாட்டேன், கோழிப் பொரியல் கடையில் வேலைக்குப் போய்விடுவேன் என்று அம்மாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அன்று ஓக்புன்னிடம் தேய்த்துக்கொண்டவர்கள் எல்லாரும் தோல் உரிந்துபோய் வந்தார்கள்.

வருஷக் கடைசி என்பதால் ஓக்புன்னுக்கு விடுப்பு எடுக்க வழியில்லை. புத்தாண்டுக்கு முன்னால் ஊரே அழுக்குத் தேய்க்க வந்து நிற்கும். தேய்க்கும் மேஜை ஓரத்தில் உடைப் பெட்டிச் சாவிகள் வரிசையாக இருந்தன. சாவியை வைத்துவிட்டுப் போனால் முறை வரும்போது கூப்பிடுவாள், அதுதான் இங்கே வழக்கம். பிட்னா வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் என் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். போனை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை உரித்துக் கொடுத்தேன், தொடவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் பால் கூடப் பொங்காது.

“அது அடிக்கும்போது அடிக்கும். கொஞ்சம் கண்ண அந்தப் பக்கம் திருப்பேன்டி” என்றேன்.

“அடிக்கலயே, பெரியம்மா. காலையிலேர்ந்து ஒரு சத்தம்கூட இல்ல.”

நாலரை மணி இருக்கும். என் மேஜைக்கு உள்ளே இருந்த ஓக்புன்னின் போன் அடித்தது. தெரியாத எண். வழக்கம்போல எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் போனேன். தேய்க்கும் மேஜையில் துக்சிம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு பக்கம் முடிந்து சிவந்திருந்தது, மறு பக்கம் இன்னும் தொடவில்லை.

ஸ்பீக்கரில் ஓர் இளைஞனின் குரல் வந்தது. “வணக்கம். பிட்னாவோட அம்மாவா பேசுறது?”

அவ்வளவுதான். அதே கேள்வி, அதே வார்த்தைகள். ஓக்புன்னின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

“ஆமாடா. எம் பொண்ணு உங்ககிட்டதான் இருக்காளா? நல்லா சாப்பாடு போடுங்க, ரொம்ப நூடுல்ஸ் திம்பா.”

“இல்லீங்கம்மா, நான் வந்து, அவங்க சேர விருப்பமான்னு…”

“எந்தக் கும்பல்லடா சேரணும்? உங்க கும்பல்லயா? உன்னப் பெத்துப் போட்டுட்டு உங்கம்மா குடிச்சாளே கடற்பாசி சூப்பு, அத்தனையும் வீணாப்போச்சுடா. வை போன.”

நான் துண்டித்தேன். தொட்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஓக்புன் ஒரு வாளித் தண்ணீரை துக்சிம் மேல் ஊற்றிவிட்டு, “திரும்பிப் படு” என்றாள்.

துக்சிம் திரும்பவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து, “என்ன கேட்டான் அவன்? சேர விருப்பமான்னா கேட்டான்?” என்றாள்.

“ஆமா. அதுக்கென்ன?”

“அத யாருடி கேப்பா?”

விண்ணப்பத்தில் இரண்டாவது போன் எண்ணாக அம்மாவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அது ஓக்புன்னுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையுறையோடு உடை மாற்றும் அறைக்கு ஓடி வந்தாள்.

“பிட்னா, உன் போனக் காட்டு. யாராச்சும் கூப்பிட்டாங்களா?”

“இல்லம்மா. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

“தடுத்த அழைப்புன்னு ஒரு இடம் இருக்கும், அதப் பாரு.”

பிட்னா தேடிப் பார்த்தாள். அதே எண் அங்கே இரண்டு முறை இருந்தது. ஊமையாக வந்து ஊமையாகவே திரும்பிப் போயிருக்கிறது. பாவம், காலையிலிருந்து அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது அடிக்கவே முடியாத போனை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா பூட்டிய பூட்டு. டெலிவரிக்காரன்கூட அம்மா எண்ணுக்கே கூப்பிட்டுப் பழகியதால் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

திரும்பக் கூப்பிட்டோம். வேறு அழைப்பில் இருக்கிறார் என்று பதிவுக் குரல் சொன்னது. மறுபடியும் கூப்பிட்டோம். மறுபடியும் அதே குரல். ஐந்தாவது எண்காரனிடம் பேசிக்கொண்டிருக்கிறான் என்று எல்லாருக்கும் தோன்றியது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓக்புன் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நானே பூட்டினேன், நானே திட்டினேன். வெளியாள் யாரும் எதுவும் செய்யல, அக்கா” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிட்னா அம்மாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையுறையைக் கழற்றிவிட்டு, ஊறிப்போன விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள், ஆனால் கையை விடவில்லை.

அதற்குள் தொட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். துண்டு கட்டியவர்கள் சிலர், கட்டாதவர்கள் பலர். துக்சிம் பாதி சிவப்பாகவும் பாதி வெளுப்பாகவும் நடுவில் நின்றாள்.

ஓக்புன்னின் போன் அடித்தது. அதே எண். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அம்மா, தயவுசெஞ்சு வெச்சிடாதீங்க” என்றான் அந்தப் பையன். “பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துலேர்ந்து பேசுறேன். உங்களத் திரும்பக் கூப்பிடலாமான்னு மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன். கேட்டுட்டேன். கூப்பிடலாமாம்.”

ஓக்புன் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஊரிலுள்ள திருட்டுப் பயல்களையெல்லாம் ஓட ஓட விரட்டிய வாய் அது. காற்று மட்டும் வந்தது.

“நான்தான் பிட்னா பேசுறேன்” என்றாள் மகள்.

“கால்நடை மருத்துவத்துல இடம் வந்திருக்கு. சேர விருப்பமா? இது பதிவாகுது, வாயால சொல்லணும்.”

பிட்னா தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டல் தெரியுமா? இன்னும் வேகமாக ஆட்டினாள், விம்மினாள், சொல் வரவில்லை. துக்சிம்முக்குப் பொறுமை போய்விட்டது. “ஆமா” என்று சந்தையில் மீன் விலை சொல்கிற குரலில் சொன்னாள். உடனே சுற்றி நின்ற எல்லாரும் “ஆமா, ஆமா” என்றார்கள். நானும்தான்.

“மாணவிதான் சொல்லணும்” என்றான் அவன். “அங்க எத்தன பேரு இருக்கீங்க?”

“ஆமாங்க. சேர்றேங்க” என்றாள் பிட்னா. அதன் பிறகு சிரித்துவிட்டாள். “இது குளியல் கூடம்ங்க.”

நான் பெற்ற பிள்ளைகளுக்காகக்கூட நான் இப்படி நிம்மதிப்பட்டதில்லை.

ஓக்புன்னுக்கு இப்போதுதான் குரல் திரும்பியது. போனுக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பாத குறையாகக் குனிந்தாள். “தம்பி, அந்த சூப்பு விஷயத்த மனசுல வெச்சுக்காதீங்க. உங்கம்மா நல்லா இருக்கணும்.”

“பரவாயில்லைங்கம்மா. இன்னிக்குப் பல பேரு திட்டிட்டாங்க. உங்களதுதான் கேக்குற மாதிரி இருந்துச்சு” என்றான். “எங்கம்மாகிட்டச் சொல்றேன்.”

துக்சிம்மின் மறு பக்கத்தை ஓக்புன் அன்று எப்படித் தேய்த்தாள் என்று கேட்காதீர்கள். கண்ணீரில் கண் தெரியாமல் தேய்த்தாளாம். பட்டும் படாமலும் இருந்தது, பாதிக் காசைத் திருப்பிக் கொடு என்று துக்சிம் இன்றைக்கும் கேட்கிறாள். அன்று எல்லாருக்கும் நான்தான் முட்டை கொடுத்தேன். பிட்னா மட்டும் தட்டோடு வாங்கிக்கொண்டாள்.

வருஷத்தின் கடைசி நாள். ஓக்புன்னின் போன் அடித்தது, தெரியாத எண். கொண்டுபோய்ப் பிடித்தேன். “வணக்கம், யாருங்க பேசுறது?” என்றாள் அவள். அந்த நாளுக்குப் பிறகு எல்லாரிடமும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாள்.

“பிட்னாவோட அம்மாவா? உங்க பொண்ணு எங்ககிட்ட இருக்கா” என்றது கட்டையான ஒரு குரல். பின்னால் ஒரு பெண் அழுதாள். தொட்டியில் குழாய்களை மூடினார்கள். துக்சிம் கழுத்தை நீட்டினாள். எல்லாரும் சூப்புக்காகக் காத்திருந்தோம்.

ஓக்புன் நடுங்கவில்லை. “இல்லப்பா. எம் பொண்ணு எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்” என்றாள். “அவளுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. கால்நடை மருத்துவம். விடுதிக்குப் போர்வ வாங்கப் போயிருக்கா.”

அந்தப் பக்கம் அழுகையைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

“எந்தக் காலேஜு?” என்றான் அவன்.

“அரசுப் பல்கலைக்கழகம்.”

“அதுல கிடைக்கிறது கஷ்டமாச்சே” என்றான். பிறகு, “வாழ்த்துகள்மா” என்று சொல்லிவிட்டு அவனே போனை வைத்துவிட்டான்.

ஓக்புன் கையுறையை மாட்டிக்கொண்டு, மேஜை ஓரத்திலிருந்து அடுத்த சாவியை எடுத்தாள்.

“இவனோட அம்மா குடிச்ச சூப்பும் முழுசா வீணாப்போகல, அக்கா” என்றாள் என்னிடம்.